பெயர் பெற்ற தச்சன்: திருவொற்றியூர்க் கற்றளியும் ‘பெயரற்ற கைவினைஞர்’ கருத்தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

தொல் நாகரிகங்களின் சமயக் கலையைப் படைத்தோர் தம் பெயரை விரும்பி மறைத்துக்கொண்டனர் என்னும் கருத்து, இந்தியக் கலைத் திறனாய்வில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் இதற்கு வலுவான அடித்தளம் அமைத்தன. வடசென்னையின் திருவொற்றியூர்க் கற்றளியை மையச் சான்றாகக் கொண்டு இக்கருத்தாக்கத்தை இக்கட்டுரை மறுமதிப்பீடு செய்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் இக்கற்றளியைக் கட்டிய தச்சனின் பெயர் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. பெயரின்மை என்பது தொல்கலையின் இயல்பன்று. ஆவணத்தின் வகை, கைவினைஞரின் படிநிலை, பிற்கால வாசிப்பின் பழக்கம் ஆகிய மூன்றின் விளைவு அது என்பதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது. பெயர் கிடைத்தவுடன் கைவினைஞர் உரிய இடம் பெற்றுவிட்டார் என்று கொள்ளும் எதிர்நிலையின் குறைபாட்டையும் அது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திருவொற்றியூர், புழற்கோட்டம், மாதவரம், கற்றளி, தூங்கானை மாடம், பெருந்தச்சன், கம்மாளர், ஆனந்த குமாரசுவாமி

முன்னுரை

கோயிற்கலை வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளது. மண்டகப்பட்டு மகேந்திரவர்மனுக்கும், தஞ்சைப் பெரியகோயில் முதலாம் இராசராசனுக்கும், கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரனுக்கும் உரியனவாகப் பாடநூல்கள் பேசுகின்றன. கல்லை அளந்து, பிளந்து, செதுக்கி, ஏற்றியவர் யார் என்னும் வினா எழும்போது, அவர்கள் பெயரை விரும்பாதவர்கள் என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. வினாவை அது மேற்கொண்டு வளரவிடுவதில்லை.

இவ்விடை சரியானதா என்பதைச் சோதிக்க, பெருங்கோயில்களின் தலைநகரங்களைவிடக் கடற்கரை ஊர் ஒன்று பொருத்தமான களமாகிறது. இன்று துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், சரக்குந்து முனையங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றால் அறியப்படும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் ஆகிய பகுதிகள் தொண்டை மண்டலத்தின் பழைய சமயக் கட்டுமான வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளன. புழலை ஒட்டிய மாதவரமும் கடலை ஒட்டிய திருவொற்றியூரும், சோழர் கல்வெட்டுகள் புழற்கோட்டம் எனக் குறிக்கும் பழைய நாட்டுப் பிரிவின் நிலப்பரப்பில் அமைந்தவை. இந்நிலப்பரப்பின் தலைமைக் கோயிலாகிய திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில், தச்சன் ஒருவனின் பெயரைக் காத்து வைத்திருக்கிறது.

1. பெயரின்மை என்னும் கருத்தாக்கம்

கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலும், 1909இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலிலும் கீழைக் கைவினை மரபுக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தார். ஐரோப்பியத் தொழிற்புரட்சி உழைப்பையும் அழகையும் பிரித்துவிட்டது. மரபுச் சமூகத்தில் அவை ஒன்றாகவே இருந்தன என்பது அவருடைய வாதத்தின் சாரம். அச்சமூகத்தில் கலைஞர் என்போர் தனி இனத்தார் அல்லர். தொழில் செய்வோர் அனைவரும் தத்தம் அளவில் கலைஞரே. தனிமனித வெளிப்பாடு அங்கு நோக்கமன்று. ஆகவே படைப்பில் பெயர் இல்லாமை தன்முனைப்பைக் கடந்த நிலையின் அடையாளம் என்று அவர் விளக்கினார்.

இக்கருத்து தோன்றிய காலச்சூழல் நினைவில் கொள்ளத்தக்கது. இந்தியச் சிற்பத்தை நுண்கலை என ஏற்கவே ஐரோப்பியத் திறனாய்வு தயங்கிய காலம் அது. அந்த இழிவுக்கு எதிராக, பெயரின்மையைக் குறையாகக் கருதாமல் நிறைவாகக் காட்டியது குமாரசுவாமியின் துணிவு. ஆனால் ஒரு வாதச்சூழலில் பிறந்த விளக்கம் நாளடைவில் வரலாற்று உண்மையாக உறைந்தது. இன்றும் கோயிற்கலை பற்றிய கட்டுரைகளில் ‘பெயர் தெரியாத சிற்பிகள்’ என்னும் தொடர் வாலாயமாக இடம்பெறுகிறது. தேடியபின் கிடைக்கவில்லையா, தேடாமலே விடப்பட்டதா என்ற வேறுபாடு அத்தொடரில் மறைந்துபோகிறது.

இக்கருத்தாக்கத்துள் மூன்று வெவ்வேறு கூற்றுகள் பிணைந்துள்ளன. ஒன்று, பெயர்கள் பதிவாகவில்லை என்பது. இரண்டு, பதிவாகாமைக்குக் காரணம் கைவினைஞரின் விருப்பம் என்பது. மூன்று, அவ்விருப்பத்துக்குக் காரணம் சமய உணர்வு என்பது. முதற்கூற்று சான்றால் சோதிக்கத்தக்கது. அது தளருமானால் மற்ற இரண்டும் தாமே நிற்க இயலாது.

2. பிற தொல் நாகரிகங்களின் சான்று

எகிப்தின் சக்காராவில் கி.மு. 27ஆம் நூற்றாண்டில் சோசர் மன்னனுக்காக எழுப்பப்பட்ட படிப்பிரமிடு, பெருங்கட்டுமானத்தில் கல்லைப் பயன்படுத்திய மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதன் வளாகத் தூண்கள் நாணற்கட்டுகளையும் மரத்தண்டுகளையும் கல்லில் போலச்செய்கின்றன. சோசரின் சிலைப்பீடம் ஒன்றில் மன்னனின் பெயரோடு இம்ஹோதெப்பின் பெயரும் பட்டங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லுக்கு மாறும் பெருமாற்றத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெயர் பதிவாகிவிட்டது.

மெசபொத்தேமியாவில் நிலை வேறு. கி.மு. 22ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குதேயா மன்னனின் சிலை ஒன்று, கோயில் வளாகத்தின் தரைப்படத்தை மடியில் வைத்து அமர்ந்த நிலையில் உள்ளது. இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டடக் கலைஞனுக்குரிய கருவியை மன்னன் தன் மடியில் ஏந்திக்கொள்கிறான். தச்சனின் இடம் அரசனுக்குள் கரைந்துவிடும் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சிற்பம் அரிது.

எகிப்தின் தெய்ர் எல்-மெதினா, அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளரின் குடியிருப்பு. அங்குக் கிடைத்த ஓட்டுச் சில்லுகளும் பாப்பிரசுச் சுவடிகளும் அவர்களின் பெயர்களையும் விடுப்புகளையும் வழக்குகளையும் தருகின்றன. மூன்றாம் இராமசேசின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி தாமதமானபோது அவர்கள் வேலையை நிறுத்தியதும் பதிவாகியுள்ளது. ஏதென்சில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் எரெக்தியோன் கோயில் கட்டப்பட்டபோது வெட்டப்பட்ட கணக்குக் கல்வெட்டுகள், குடிமக்கள், அயற்குடியினர், அடிமைகள் என மூவகைக் கைவினைஞரையும் பெயரோடும் கூலியோடும் குறிக்கின்றன. சிந்துவெளியில் பெயர் எதுவும் தெரியவில்லை என்பது உண்மையே; ஆனால் அங்கு எழுத்தே இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. படிக்கப்படாமையைப் பெயரின்மை என்று கொள்ள முடியாது.

இச்சான்றுகள் ஒரு பொதுவிதியைத் தருகின்றன. பெயர் இருப்பதும் இல்லாததும் சமய உணர்வின் அளவைப் பொறுத்தவை அல்ல. கணக்கும் கூலியும் எழுதப்பட்ட இடங்களில் பெயர் இருக்கிறது. படைப்பின்மீது தேடினால் கிடைக்காத பெயர், கணக்கில் தேடினால் கிடைக்கிறது.

3. புழற்கோட்டத்தின் நிலமும் பொருளும்

வடசென்னையின் நிலம் கடற்கரை மணலும் ஆற்று வண்டலும் ஏரிக் களிமண்ணும் கலந்தது. மாதவரம், புழல், செங்குன்றம் பகுதிகளில் ஏரிகள் நிறைந்துள்ளன. செங்குன்றத்தைச் சுற்றிய செங்கற் சூளைகள் இம்மண்ணின் இயல்பை இன்றும் காட்டுகின்றன. கட்டுமானத்துக்கு ஏற்ற வன்பாறை சென்னையின் தெற்குப் புறத்தில் பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் குன்றுகளில் உள்ளது. அப்பாறை வகைக்கு நிலவியலார் இட்ட சார்னோக்கைட் என்ற பெயரே இப்பகுதிப் பாறையின் ஆய்விலிருந்து பிறந்ததுதான்.

மண்ணும் மரமும் செங்கல்லும் கோயிலுக்கு உரிய பொருள்களாக இருந்த காலம் நீண்டது. செங்கற் சுவரும் மர உத்தரமும் கொண்டு, மக்கள் நீங்கியதால் பாழ்பட்ட பொதியில் ஒன்றை அகநானூற்றின் 167ஆம் பாடல் காட்டுகிறது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில் முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. பல்லவர் காலக் கல் கட்டுமானத்தின்கீழ் அதற்கு முற்பட்ட செங்கற் கட்டுமானம் இருந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இல்லாமல் கோயில் அமைத்ததை முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் சிறப்பித்துச் சொல்கிறான். அவை இல்லாமை வியப்புக்குரிய செய்தியாக இருந்தது என்பதே, அவை வழக்கமாக இருந்தன என்பதற்குச் சான்று.

பாறை இல்லாத நிலத்தில் கற்றளி எழுப்புவது பொருள்மாற்றம் மட்டுமன்று. கல்லைத் தேர்ந்து, வெட்டி, நெடுந்தொலைவு கொணர்ந்து, செங்கல்லில் பழகிய வடிவத்தைக் கல்லில் மீட்டமைக்கும் பெரும் ஏற்பாடு அது. அதற்கு நிதி, ஆணை, தொழிலறிவு மூன்றும் வேண்டும். இம்மூன்றையும் மூன்று பெயர்களால் திருவொற்றியூர்ச் சான்று தனித்தனியே காட்டுகிறது.

4. திருவொற்றியூர்க் கற்றளி

திருவொற்றியூர் தேவார மூவராலும் பாடப்பெற்ற தலம். கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. கருவறை இறைவன் புற்று வடிவினர் என்பது மரபு. ஆண்டு முழுவதும் சாத்தப்பட்டிருக்கும் கவசம் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டுமே நீக்கப்படுகிறது. மண்ணால் ஆன இறைவடிவைச் சூழ்ந்து கல்லால் ஆன விமானம் எழுந்தது இத்தலத்தின் தனிச்சிறப்பு.

அவ்விமானம் முதலாம் இராசேந்திரன் (1012–1044) காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஊரின் மடத் தலைவராகிய சதுரானன பண்டிதரின் ஆணைப்படி, இரவி என்னும் வீரசோழத் தச்சன் அதனைக் கட்டினான். சதுரானன பண்டிதர் என்பது மடத் தலைமையில் வழிவழி வந்த பெயர். அப்பெயருடையோருள் முன்னவர் ஒருவரின் வரலாற்றை மூன்றாம் கிருட்டிணன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. கேரளத்தைச் சேர்ந்த அவர் சோழ இளவரசன் இராசாதித்தனின் துணைவராக இருந்தார். கி.பி. 949இல் நடந்த தக்கோலப் போரில் இளவரசனோடு உயிர்விட இயலாமற்போன துயரத்தால் துறவு பூண்டு திருவொற்றியூர் மடத்தை அடைந்தார். ஆணையிட்டவர் மரபின் வரலாறு இவ்வளவு விரிவாகக் கிடைக்க, கட்டியவனைப் பற்றி இயற்பெயரும் பட்டப்பெயருமே கிடைக்கின்றன. இவ்வேறுபாடு பின்னர் ஆராயப்படும்.

விமானத்தின் தரையமைப்பு தூங்கானை மாடம் எனப்படும் பின்புறம் வளைந்த வடிவம். தொண்டை மண்டலத்தில் இவ்வடிவத்துக்குத் தொடர்ச்சியான மரபு உண்டு. மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தின் அருகே செதுக்கப்பட்ட யானை, வடிவத்தின் பெயரையே கல்லில் விளக்குவதுபோல் நிற்கிறது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் கோயில், அபராசிதன் காலத்துத் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில், புழற்கோட்டத்தின் அண்மையிலுள்ள திருமுல்லைவாயில், பாடி எனப்படும் திருவலிதாயம் ஆகியவை இவ்வடிவத்தைக் கொண்டவை. கூரையை மூங்கிலாலும் மரத்தாலும் வளைத்து அமைக்கும் பழைய கட்டுமுறையில் இவ்வடிவம் எளிது. செங்கல்லிலும் வளைவைச் சாந்து தாங்கிக்கொள்ளும். கல்லில் அவ்வாறு இயலாது. வளைவில் அமரும் ஒவ்வொரு கல்லின் முகமும் அதற்குரிய வில்வளைவோடு வெட்டப்பட வேண்டும்; இரு கற்கள் சேரும் பொருத்து வளைவின் மையத்தை நோக்கிச் சாய வேண்டும்; அதிட்டானத்தின் குமுதம், கபோதம் முதலிய உறுப்புகள் அவ்வளைவைப் பிறழாமல் தொடர வேண்டும். சதுரக் கட்டுமானத்தில் ஒரே அளவில் பல கற்களை ஆயத்தம் செய்யலாம். வளைவில் தளந்தோறும் அளவு மாறும். இத்தகைய கட்டுமானத்தை நடத்தியவன் கணிதமறிந்த தலைமைத் தச்சன் என்பதைக் கட்டடமே மெய்ப்பிக்கிறது. கல்வெட்டு அவன் பெயரை மட்டும் சேர்க்கிறது.

திருவொற்றியூரின் கல்தொழில் மரபு இரவியோடு தொடங்கியதன்று. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், பல்லவர் கால எழுத்தமைதியில் பாறைமீது பொறிக்கப்பட்ட கைவினைஞர் பெயர்கள் உள்ளன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலியோரோடு திருவொற்றியூர் அபாஜர் என வாசிக்கப்படும் பெயரும் அங்குண்டு. மாமல்லபுரத்துக் கல்வேலை நடந்த வட்டாரத்தில் திருவொற்றியூர்க் கைவினைஞர் ஒருவர் தம் பெயரை ஊரோடு சேர்த்துப் பொறித்துச் சென்றிருக்கிறார். அது கோயிற்சுவர் அன்று. அரசன் பெயரோ கொடையோ அங்கில்லை. கைவினைஞர் தமக்காகத் தாமே எழுதிக்கொண்ட பெயர்ப்பட்டியல் அது என்று கொள்ள இடமுண்டு. பெயர் வேண்டாம் என்றிருந்தவர்கள் வன்பாறையில் பெயர் வெட்டியிருக்கமாட்டார்கள்.

5. வினைச்சொல் தரும் சான்று

தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியமைப்பு, பெயரின்மைக் கருத்தாக்கத்தை எதிர்க்கும் மற்றொரு சான்றாகிறது. தன்வினை, பிறவினை வேறுபாடு தமிழில் சொல்லமைப்பிலேயே வெளிப்படும். எடுத்தல் வேறு, எடுப்பித்தல் வேறு. செய்தல் வேறு, செய்வித்தல் வேறு. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு இராசராசனைக் குறிக்கையில் ‘எடுப்பிச்ச’ என்னும் பிறவினை எச்சத்தையே ஆள்கிறது. செம்பியன் மாதேவியார் தம் திருப்பணிகளில் எடுப்பித்தவராகவே குறிக்கப்படுகிறார். எடுப்பித்தான் என்னும் சொல் இலக்கண முறைப்படி, எடுத்த வேறொருவனை உள்ளடக்கியது. அவன் பெயர் சொல்லப்படாவிடினும் அவனுக்குரிய இடம் வாக்கியத்தில் காலியாகக் காக்கப்படுகிறது.

இக்கால வரலாற்று நூல்கள் இவ்வேறுபாட்டைக் கைவிட்டு ‘கட்டினான்’ என்று எழுதுகின்றன. இதனால் ஏவிய கருத்தாவே செய்த கருத்தாவாகிவிடுகிறான். வாக்கியத்தில் இருந்த காலியிடமும் மூடப்படுகிறது. கல்வெட்டு மறைக்காத ஒன்றைப் பிற்கால உரைநடை மறைத்துவிட்டு, அம்மறைவைப் பழங்காலத்தின் அடக்கமாக விளக்குவது முரண்பாடு. திருவொற்றியூர்ச் சான்றில் அரசன் காலத்தைக் குறிக்க வருகிறான். பண்டிதர் ஆணையிட்டவராக வருகிறார். தச்சன் செய்தவனாக வருகிறான். மூன்று கருத்தாக்களும் ஒருவர் மற்றொருவரில் கரையாமல் நிற்கின்றனர்.

6. பெயரும் படிநிலையும்

பெயர் கிடைத்துவிட்டது என்பதால் கைவினைஞர் வரலாறு நிறைவு பெற்றுவிட்டது என்று கருதுவதும் பிழையாகும். கிடைக்கும் பெயர்களின் தன்மை ஆராயப்பட வேண்டும்.

முதலாவது, பெயர்களின் பெரும்பகுதி பட்டங்கள். இரவிக்கு வீரசோழத் தச்சன் என்பது பட்டம். தஞ்சையில் குஞ்சரமல்லனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்பது பட்டம். அவனோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்போரும் குறிக்கப்படுகின்றனர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பட்டடக்கல் விருபாட்சர் கோயிலைச் செய்த குண்டன், அநிவாரிதாசாரி, திரிபுவனாசாரி என்னும் பட்டங்களைப் பெற்றான். பட்டம் தச்சனை உயர்த்தும்போதே அரசனின் பெயரை அவன்மீது எழுதிவிடுகிறது. தச்சனின் அடையாளம் வெளிப்படும் இடமே அவன் அரசனின் உடைமையாகும் இடமாகவும் ஆகிறது.

இரண்டாவது, பெயர் எவ்வகை ஆவணத்தில் வருகிறது என்பது பொருளை மாற்றும். குஞ்சரமல்லன் பெரியகோயிலை வடிவமைத்தவன் என்ற செய்தி பரவலாக வழங்குகிறது. அவன் பெயர் இடம்பெறும் கல்வெட்டு, கோயிற்பணியாளருக்குப் பங்கு வகுத்த பட்டியலாகும். அதில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் நட்டுவரும் தையலரும் தட்டாரும் குயவரும் நாவிதரும் வருகின்றனர். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது கணக்கு. அப்பட்டியல் கட்டி முடிந்த கோயிலின் தொடர்பணிக்கானது. அதிலிருந்து அவனே விமானத்தை வகுத்தவன் என்று கொள்வது ஏற்கத்தக்க ஊகமே தவிர, கல்வெட்டின் நேர்கூற்றன்று. அவன் பெயரின் முன் வரும் வீரசோழன் என்னும் சொல்லைக் கொண்டு திருவொற்றியூர்த் தச்சனோடு உறவு காட்டுவதும் அவ்வாறே சான்றற்றது. வீரசோழ என்பது பலருக்கும் வழங்கிய அரச அடைமொழி. திருவொற்றியூர்க் கல்வெட்டு கட்டிய செயலையே தச்சனோடு இணைப்பதால், சான்று வலிமையில் அது தஞ்சைப் பட்டியலினும் மேம்பட்டது. அறிஞர் கவனம் நேர்மாறாகத் தஞ்சையின்மீதே குவிந்துள்ளது. கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் கற்றளி செய்தவராகக் குறிக்கப்படும் ஆலத்தூர் சாத்தன் குணபத்தன், இராசகேசரி மூவேந்த வேளான் என்னும் பட்டம் பெற்றார். அது அதிகாரிகளுக்கு வழங்கும் பட்டமாதலால், அவர் உளி பிடித்தவரா, பணியை நடத்தியவரா என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

மூன்றாவது, பெயர் தலைமையோடு நின்றுவிடுகிறது. மயமதமும் மானசாரமும் கட்டடத் தொழிலாளரைத் தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வகையாகப் பிரிக்கின்றன. திட்டமிடுவோனும் நூல் பிடிப்போனும் கல் செதுக்குவோனும் இணைப்போனும் ஒரே மதிப்புடையோர் அல்லர். திருவொற்றியூரில் வளைவுக் கற்களை ஒவ்வொன்றாகச் செதுக்கியோரின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. அவர்களின் பெயரின்மையும் அடக்கத்தின் விளைவா என்ற வினாவுக்குக் கொங்கு நாட்டுக் கல்வெட்டு விடை தருகிறது. கோனேரின்மைகொண்டான் என்னும் பொதுப்பெயரில் வெளியான அவ்வாணை, கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், செருப்பு அணியவும், தம் வீடுகளுக்குச் சாந்து பூசவும் உரிமை வழங்குகிறது. இறைவனின் மாளிகைக்குச் சாந்தும் கல்லும் இழைத்த சமூகத்துக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை வேண்டியிருந்தது. அத்தகைய படிநிலைச் சமூகத்தில், பெயர் இல்லாமையைத் தன்னலத் துறவாக விளக்குவது, மறுக்கப்பட்டதைத் துறக்கப்பட்டதாகக் காட்டுவதாகும். பெயரின்மைக் கருத்தாக்கத்தின் மிகக் கடுமையான குறைபாடு இதுவே.

7. கருத்தாக்கத்தின் தகுதி

இவ்வளவும் கூறிய பின்னரும் குமாரசுவாமியின் பார்வையை முழுவதும் ஒதுக்கிவிட இயலாது. சிற்பியின் தியானம், அளவுநூல் ஒழுங்கு, படிமத்தின் கண் திறக்கும் சடங்கு ஆகியவற்றை அவர் கலையின் உட்கூறுகளாகவே கண்டார். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் படிமம் செய்வோரிடம் அவ்வொழுங்கு இன்றும் உயிர்ப்போடுள்ளது. கோயிற்படிமத்தின்மீது சிற்பியின் கையொப்பம் இருப்பதில்லை என்பதும் பொதுவாக உண்மை. வழிபாட்டுக்குரிய உருவில் தெய்வத்தின் அடையாளமன்றி வேறொன்றுக்கு இடமில்லை என்பது அதன் காரணமாக இருக்கலாம்.

ஆயின் படிமத்தின்மீது எழுதாமை வேறு, எங்கும் எழுதாமை வேறு. சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் கட்டடக் கலைஞர்களின் உருவங்கள் பெயர்ப் பொறிப்போடு, தந்தை மகன், அண்ணன் தம்பி என்னும் உறவுமுறை சுட்டி அமைக்கப்பட்டுள்ளன. கருவறையில் இடம்பெறாத பெயர் கோபுரத்தில் இடம்பெறுகிறது. பெயருக்குரிய இடத்தை மரபு வரையறுத்தது, பெயரையே மறுக்கவில்லை. இவ்வாறு திருத்திக்கொண்டால், குமாரசுவாமியின் கருத்து படிமத்துக்குப் பொருந்தும் அழகியற் கொள்கையாக நிலைக்கும். கைவினைஞரின் சமூக வரலாறாக நிலைக்காது.

8. இன்றைய பொருத்தம்

இவ்வாராய்ச்சி பழமையோடு நின்றுவிடுவதன்று. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக்கலைப் பயிற்சி நிறுவனம் கல்லூரியாக வளர்ந்து, தபதிகளை உருவாக்கி வருகிறது. அதன் முதல்வராக விளங்கிய வை. கணபதி தபதியின் பெயர், 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையோடு என்றும் இணைந்திருக்கிறது. அவர்போன்ற சிலரைத் தவிர, இன்று உலகெங்கும் எழும் கோயில்களுக்குக் கல் செதுக்கும் தொழிலாளர் பெயரின்றியே உழைக்கின்றனர். திருப்பணி முடிந்ததும் பதிக்கப்படும் சலவைக்கற் பலகையில் நன்கொடையாளரும் அதிகாரிகளும் இடம்பெறுகின்றனர்; தபதி இடம்பெற்றால் அதுவே சிறப்பு, கல்தச்சர் இடம்பெறுவது அரிதினும் அரிது. கைவினைப் பொருள்களுக்கு வழங்கப்படும் புவிசார் குறியீடும் ஊரின் பெயரையே காக்கிறது. செய்தவரின் பெயரைக் காப்பது அதன் நோக்கமன்று.

பழைய பெயர்களின் இருப்பும் உறுதியானதாக இல்லை. சுவர்களை உயர் அழுத்த மணல் வீச்சால் தூய்மை செய்தால் எழுத்துகள் தேயும். சுண்ணமும் வண்ணமும் பூசினால் மறையும். தளம் உயர்ந்தால் அதிட்டானத்து வரிகள் புதையும். கோயில்களையும் தொல்சின்னங்களையும் காக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் மாதத்தில் 75 வழிகாட்டுதல்களை வழங்கியது இவ்வகைக் கவலைகளின் பின்னணியில்தான். அரசர்களின் மெய்க்கீர்த்திகள் பல ஊர்களில் மீண்டும் மீண்டும் வெட்டப்பட்டுள்ளன. ஓரிடத்தில் அழிந்தால் மற்றோரிடத்தில் கிடைக்கும். தச்சனின் பெயர் பெரும்பாலும் ஒரே சுவரில் ஒரே முறை வருவது. அது தேய்ந்தால் மாற்றுப்படி இல்லை.

மாதவரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியை அண்மைக்காலத் தொழில்நகரமாக மட்டும் காணும் போக்கு ஆய்வுலகிலும் உண்டு. அப்பகுதியின் பழமை திருத்தலப் பெருமையாகவும் அதன் நிகழ்காலம் உழைப்பின் வரலாறாகவும் பிரித்து எழுதப்படுகின்றன. திருவொற்றியூர்க் கற்றளி இவ்விரண்டையும் ஒரே சுவரில் வைத்திருக்கிறது. கோயில் உழைப்பின் விளைவு என்பதையும், அவ்வுழைப்பு படிநிலைகளால் ஆனது என்பதையும் ஏற்கும் ஆய்வே வடசென்னையின் தொடர்ச்சியைக் காண இயலும்.

முடிவுரை

தொல் நாகரிகங்களின் சமயக் கலை பெயரற்றது என்னும் பொதுக்கூற்று சான்றுகளுக்கு ஒத்துவரவில்லை. எகிப்து, கிரேக்கம், சாளுக்கிய நாடு, தமிழகம் ஆகியவற்றில் கைவினைஞர் பெயர்கள் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் படைப்பின்மீது அமையாமல் கணக்கு, கொடை, பட்டம் ஆகியவற்றின் பதிவுகளில் அமைகின்றன. திருவொற்றியூர்க் கல்வெட்டு ஆணையிட்டவரையும் கட்டியவரையும் பிரித்துக் காட்டுவதால், தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் இதுவரை பெற்றதைவிட மிகுந்த கவனத்துக்குரியது. பூஞ்சேரிப் பாறை, பெயர் பொறிக்கும் விருப்பம் கைவினைஞரிடமே இருந்ததைச் சுட்டுகிறது. கொங்குக் கல்வெட்டு, பெயரின்மையின் பின்னால் நின்ற சமூகத் தடைகளை நினைவூட்டுகிறது.

பெயர்களைத் தொகுப்பது ஆய்வின் முதற்படி. அப்பெயரை எழுதியவர் யார், எவ்வகை ஆவணத்தில் எழுதினர், அப்பெயருக்குக் கீழ் எழுதப்படாமற்போனோர் யார் என வினவுவது அடுத்த படி. கட்டினான் என்று எழுதும் இடத்தில் எடுப்பித்தான் என்று எழுதுவது சிறு திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் இரவியின் பெயரும், அவன்கீழ் வளைவுக் கற்களைச் செதுக்கிய பெயர் அறியப்படாதோரும் வரலாற்று வாக்கியத்துக்குள் வருவதற்கு அத்திருத்தம் வழிவிடுகிறது.